முதல் நாள் தவிர

முகூர்த்த நாள் என்று துறையில் பாதிப்பேர் லீவு போட்டுவிட்டார்கள். அதனால், தன் பாடத்தின் தேர்வுக்குத் தானே மேற்பார்வை போகக் கூடாது என்ற விதியைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, டாக்டர் பரஞ்சோதியை மூன்றாம் மாடி மூலை அறையில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். அட்டவணை போட்டவர் துறைத்தலைவர் குழந்தைவேலு. எக்செல்லில் கட்டம் கட்டமாக மஞ்சள் அடித்து, ஒவ்வொருவருக்கும் போன் போட்டு, “ஏனுங்க சார், புதங்கெழம உங்களுக்கு வேற சோலி ஒண்ணுமில்லீங்களே?” என்று கேட்டுக் கேட்டு, ஒரு வாரம் அலைந்து போட்ட அட்டவணை. அப்படி அலைந்தும் விதிமீறல். பரஞ்சோதிக்கு வயிறு எரிந்தது. யார் எந்த நாள், யாருக்கு எந்த அறை, யாருக்கு யாரோடு ஒத்துவராது என்கிற இந்த மாதிரிச் சிக்கலுக்காகத்தானே ஒரு மனிதன் தன் நடுவயதை முழுக்கக் கொட்டி ஒரு மொழியைச் செய்து வைத்திருக்கிறான்? அந்த மொழிக்குப் பெயர் தளை. அதில் கணினிக்கு எப்படிச் செய்ய வேண்டும் என்று சொல்லவே வேண்டாம். எது இருக்க வேண்டும், எது இருக்கக் கூடாது என்று மட்டும் எழுதினால் போதும். மிச்சத்தை அது தேடிக்கொள்ளும். ஒவ்வொரு, தவிர, கூடாது, தேடு. சொற்களே கொஞ்சம்தான். அரைப் பக்கம் எழுதினால், குழந்தைவேலு மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டுவதற்குள் மொத்த அட்டவணையும் வந்து விழும். சொன்னால் சிரிப்பார். “நீங்க சொல்றது சரிதானுங்க சார். ஆனா நம்மாளுகளுக்கு அதெல்லாம் பழகோணுமில்லீங்களா.” அந்தச் சிரிப்பு இருக்கிறதே, எதையும் மறுக்காது, எதையும் ஏற்காது, வருகிறவன் போகிறவன் எல்லோருக்கும் பொதுவான சிரிப்பு. அடுத்த வாரம் பாடத்திட்டக் குழு கூடும்போது அதே சிரிப்போடு தளையை சிலபஸிலிருந்து எடுத்துவிடலாமா என்று கேட்கப்போகிறார். உலகத்திலேயே இந்த ஒரு கல்லூரியில், இந்த ஒரு பாடத்தில்தான் தளை உயிரோடு இருக்கிறது. இங்கேயும் எடுத்துவிட்டால் அதை அறிந்தவர் ஒரே ஒருவர்தான் மிச்சம். அவரும் இப்போது ஜன்னலோரம் நின்றுகொண்டு, காலையில் சாப்பிட்ட எலுமிச்சைச் சாதம் எதிர்க்களிக்க, வாயைக் கையால் பொத்திக்கொண்டிருக்கிறார்.

குனிந்த தலைகள். வரிசை வரிசையாக எண்ணெய் வைத்த தலைகள், ஜெல் தடவிய தலைகள், எதற்குள்ளும் எதுவும் இல்லை. ஒருவன் பேனாவின் பின்பக்கத்தைக் கரும்பு மாதிரி கடித்துக்கொண்டிருந்தான். இன்னொருவன் தலை நிமிராமல் எழுதித் தள்ளினான். பக்கம் நிரம்பினால் மார்க் விழும் என்று பள்ளிக்கூடத்தில் எவனோ ஓதியிருக்கிறான், அது இன்னும் இறங்கவில்லை. மேசையில் உட்கார்ந்து கூடுதல் தாள்களில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த சௌடேஸ்வரி, போன வருஷம் சேர்ந்த உதவிப் பேராசிரியை, “சார், நீங்க செத்த உக்காருங்க, நான் நடக்கறேன்” என்றாள். “பரவால்லம்மா” என்றார். உட்கார்ந்தால் அவள் பேசுவாள். மைத்துனர் மகள் கல்யாணத்துக்குப் போக முடியாமல் போனதைப் பற்றிப் பேசுவாள். ரோட்டுக்கு அந்தப் பக்கத்து மண்டபத்திலிருந்து நாதஸ்வரம் ஒலிபெருக்கியில் கரகரத்துக்கொண்டிருந்தது, காற்று திரும்பும்போதெல்லாம் குடோனிலிருந்து மஞ்சள் நெடி வந்து தொண்டையில் உட்கார்ந்தது. இந்த ஊரில் எல்லாவற்றுக்கும் ஒரே வாசனை, ஒரே சிரிப்பு. ஒருமுறை வெளிநாட்டு ஆய்விதழ் ஒன்றுக்குத் தளையைப் பற்றி எழுதி அனுப்பினார். மொழி நேர்த்தியாக இருக்கிறது, ஆனால் இது யாருக்காக என்று தெரியவில்லை என்று பதில் வந்தது. யாருக்காக! கத்தரிக்கோல் யாருக்காக என்று எவனாவது கேட்கிறானா? முட்டாள். பெயர் போடாத முட்டாள். அந்த வரியை நினைக்காத நாள் இல்லை என்பது அந்த முட்டாளுக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. கையிலிருந்த கேள்வித்தாளைப் பிரித்தார். தான் எழுதியதைத் தானே வாசிப்பதில் இருக்கிற சுகம் வேறு எதிலும் இல்லை. ஏழாவது கேள்வி. குழந்தைவேலுவை மனதில் வைத்துக்கொண்டே எழுதியது. திங்கள் முதல் வெள்ளி வரை தேர்வு, தினம் ஒருவர் மேற்பார்வை. தளையில் சில வரிகள். கடைசி வரி இப்படிச் சொன்னது: ஒவ்வொரு நாளும், அன்று வருபவர் முந்தின நாள் வந்தவராக இருக்கக் கூடாது. இதற்குப் பொருந்தும் அட்டவணைகளில் மூன்றை எழுதுக. எத்தனை சுத்தம். ஒரு சொல்லை எடுக்க முடியாது, ஒரு சொல்லைச் சேர்க்க முடியாது.

நித்திலா மட்டும் எழுதவில்லை. மூன்றாவது வரிசையில் சுவரோரம், பேனாவை மூடி விடைத்தாள்மேல் வைத்துவிட்டு, கேள்வித்தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதானே. கேள்வித்தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தால் அதில் விடை முளைக்கும் என்று நினைப்பு. இந்தப் பெண் போன தடவை இதே பாடத்தில் தோற்றவள், இன்று அரியர் எழுதுகிறவள். பெங்களூரில் ஒரு கம்பெனி வேலை கொடுத்திருக்கிறது, அரியர் ஒன்றுகூட இல்லாமல் முடித்தால்தான் சேர்த்துக்கொள்வோம் என்று நிபந்தனை. இதைச் சொல்ல குழந்தைவேலுவே பரஞ்சோதியின் அறை வரைக்கும் வந்துவிட்டார். “பாவமுங்க சார், அப்பா லாரிப் பட்டறையில வேல, இந்தப் புள்ள ஒண்ணுதான் தேறி வந்திருக்குது. நீங்க கொஞ்சம் பாத்துச் செஞ்சீங்கன்னா…” பாத்துச் செய்வதாம். மொழியில் பாத்துச் செய்வதற்கு என்ன இருக்கிறது? ஒரு விதி பொருந்தும் அல்லது பொருந்தாது. அப்பா பட்டறையில் இருந்தால் பொருந்தாதது பொருந்திவிடுமா? அவரை நிற்க வைத்தே அனுப்பினார். அது நினைவுக்கு வரும்போதெல்லாம் ஒரு குளிர்ச்சி. வகுப்பிலும் அந்தப் பெண்ணிடம் அவர் சும்மா இருந்ததில்லை. எழுந்து பதில் சொல்வாள், தப்பாகச் சொல்வாள், அவர் அந்தத் தப்பை அப்படியே திருப்பிச் சொல்லிக் காட்டுவார், வகுப்பு சிரிக்கும். அழமாட்டாள். அது ஏனோ அவருக்குப் பிடிக்காது. அழுதிருந்தால் விட்டிருப்பாரோ என்னவோ. இப்போது காலியாக உட்கார்ந்திருக்கிறாள். சரி, எவ்வளவு காலி என்று பார்ப்போம் என்று சுவரோரமாக நடந்தார். செருப்பு கிரீச்சிட்டது. அவள் திரும்பவில்லை.

காலியாக இல்லை. ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்தாள். மேற்பார்வை போகிறவர் விடைத்தாளைப் படிக்கக் கூடாது, ஆனாலும் கண் போய்விட்டது. முதல் வரியிலேயே தளை, சுத்தமான தளை. இடைவெளி, அடைப்பு, வரிசை எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில். யாரைப் பார்த்து எழுதினாள்? பார்த்து எழுத இந்த அறையில் யார் இருக்கிறார்கள்? கீழே ஒரு சொல்லைச் சுற்றி வட்டம் போட்டிருந்தாள். திங்கள். அதன் கீழே: திங்களுக்கு முந்தின நாள் இல்லை. அதன் கீழே ஒரு கோடு, கோட்டுக்குக் கீழே: ஆகவே அட்டவணை எதுவும் இல்லை. பரஞ்சோதி மனதுக்குள் சிரிக்கத் தொடங்கினார். பழைய தவறு, அரைவேக்காடுகளின் தவறு. முந்தின நாளோடு ஒப்பிடும்போது ‘முதல் நாள் தவிர’ என்று போட வேண்டும், போடாவிட்டால் எல்லாம் கவிழ்ந்துவிடும் என்று வகுப்பில் எத்தனை தடவை… போட வேண்டும். எங்கே போட வேண்டும்? கேள்வியில் போட வேண்டும். கேள்வியை எழுதியவர் போட வேண்டும். கையிலிருந்த கேள்வித்தாளை மறுபடி பார்த்தார். ஒவ்வொரு நாளும். தவிர இல்லை. எங்கும் தவிர இல்லை. தாளைத் திருப்பிக்கூடப் பார்த்தார், பின்பக்கத்தில் இருப்பது போல. நாதஸ்வரம் நின்றது, யாரோ மைக்கை ஊதி ஹலோ ஹலோ என்றான். சட்டென்று அறையைச் சுற்றிப் பார்த்தார். யாரும் பார்க்கவில்லை. குனிந்த தலைகள், நல்ல வேளை, குனிந்த தலைகள்.

மொழி செய்கிறவனுக்கு வருகிற தலைவலிகளில் பெரிய தலைவலி, இல்லாத ஒன்றைப் பற்றி எவனாவது கேட்டுவிட்டால் என்ன செய்வது என்பதுதான். திங்களுக்கு முந்தின நாள் யார் வந்தார் என்று கேட்டால்? கணக்கில் அப்படி ஒரு நாளே கிடையாது. மனிதர்கள் இதற்கெல்லாம் அலட்டிக்கொள்ள மாட்டார்கள். முந்தின நாள் இல்லையா, அப்படியானால் அந்த விதி திங்களுக்கு இல்லை, விடு என்று போய்விடுவார்கள். குழந்தைவேலு அப்படித்தான் போவார். பரஞ்சோதி போகமாட்டார். இல்லாததைப் பற்றி எது சொன்னாலும் பொய், ஒரு விதி பொய்யானால் மொத்தமும் பொய், அட்டவணையே கிடையாது. தளையின் முதுகெலும்பு இதுதான். ஒரு கருத்தரங்கில் நரைத்த ஒருவர் எழுந்து, கொஞ்சம் சலுகை காட்டக் கூடாதா என்று கேட்டார். “சலுகை வேணும்னா ரேஷன் கடைக்குப் போங்க” என்றார் பரஞ்சோதி. அரங்கமே சிரித்தது. வாழ்க்கையில் அவர் சந்தோஷமாக இருந்த நாள் எது என்று கேட்டால் அந்த நாளைத்தான் சொல்வார், கல்யாண நாளைச் சொல்லமாட்டார். அமுதவல்லி, அவர் மனைவி, மகன் படிப்புக்காகக் கோயம்புத்தூரில் இருக்கிறாள். மகன் படித்து முடித்தும் அங்கேதான் இருக்கிறாள். “உங்ககிட்ட ஒரு வார்த்த பேசறதுக்கு முன்னாடி, ரெண்டு தடவ சரிபாத்துட்டுப் பேச வேண்டியிருக்குதுங்க” என்று ஒருநாள் சொன்னாள். பாராட்டு என்று எடுத்துக்கொண்டார். இப்போது ஏன் அது வருகிறது? வரக் கூடாது. நித்திலா போன தடவை தோற்றதும் இதே தவறுக்குத்தான். அரைப் பக்கம் அழகாக எழுதிவிட்டு ‘முதல் நாள் தவிர’ போட மறந்திருந்தாள். அந்த ஒரு கேள்வியில் தப்பித்திருந்தால் தேறியிருப்பாள். அவர் சுழியம் போட்டார். விடைத்தாளை வகுப்பில் தூக்கிக் காட்டி, “திங்கக்கெழமைக்கு முந்தின நாள் யாரும்மா வந்தது? உங்க மாமாவா?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பேர் சொல்லவில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும்.

சரி, பதறக் கூடாது. மற்றவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று வரிசைகளுக்கு நடுவே நடந்தார். மூன்று அட்டவணை. மூன்று அட்டவணை. பேனாவைக் கடித்தவன்கூட மூன்று அட்டவணை. திங்களைப் பற்றி எவனுக்கும் ஒரு சந்தேகமும் இல்லை. இந்தப் பாடத்தில் எதையுமே கற்காதவர்கள் எல்லோரும் தேறப்போகிறார்கள், கற்ற ஒருத்தி தோற்கப்போகிறாள். அவர் கொடுத்த விடைக் குறிப்பிலும் மூன்று அட்டவணைதான் இருக்கிறது. போன தடவை வரை அவரே திருத்தினார், இந்தத் தடவைதான் தாள்கள் வெளிக் கல்லூரிக்குப் போகின்றன. தளை என்றால் என்னவென்றே அறியாத எவனோ ஒருவன் விடைக் குறிப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தேநீர் குடித்துக்கொண்டே திருத்துவான். ‘அட்டவணை எதுவும் இல்லை’ என்று எழுதியவளுக்குச் சுழியம், அடுத்த தாள். தடுக்க முடியும். கீழே தேர்வு அலுவலகத்தில் போய், ஏழாவது கேள்வியில் பிழை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அதற்கென்று ஒரு வழக்கம் இருக்கிறது: கேள்வி தப்பென்றால், அதைத் தொட்டவனுக்கெல்லாம் முழு மதிப்பெண். வெறும் கேள்வி எண்ணை எழுதி வைத்தவனுக்கும் முழு மதிப்பெண். நித்திலா பெங்களூர் போவாள். இந்தக் கரும்பு கடிக்கிறவனும் தேறுவான். அதைப் பொறுத்துக்கொள்ளலாம். சிக்கல் அதுவல்ல. பிழைக் குறிப்பு நேரே பாடத்திட்டக் குழுவுக்குப் போகும். குழந்தைவேலு அதை மேசைமேல் வைத்து, அந்தச் சிரிப்பைச் சிரித்து, “மொழிய உண்டாக்கின சாருக்கே தவறுதுங்கன்னா, பசங்க என்னங்க பண்ணுவாங்க?” என்பார். எல்லோரும் பரிவோடு அவரைப் பார்ப்பார்கள். பரிவு! அவமானத்தைத் தாங்கலாம், அந்தக் கூட்டத்தின் பரிவைத் தாங்க முடியாது. தளை போய்விடும். ஒரு தவிர இல்லாததால். இல்லை, கேள்வி சரிதான் என்று சாதிக்கலாம். வேண்டுமென்றே வைத்த பொறி என்று சொல்லலாம். ஆனால் விடைக் குறிப்பில் மூன்று அட்டவணை இருக்கிறதே, தன் கையால் எழுதிக் கொடுத்த மூன்று அட்டவணை. எழுதும்போது அவரும் திங்களை விடு என்று போய்விட்டிருக்கிறார். குழந்தைவேலு மாதிரி. இதுதான் தொண்டையில் குத்தியது, மஞ்சள் நெடி இல்லை.

“சார்.” நித்திலா எழுந்து நின்றிருந்தாள். தலைகள் நிமிர்ந்தன. சௌடேஸ்வரி கையெழுத்தை நிறுத்தினாள்.

“என்ன?”

“ஏழாவது கேள்விங்க சார்.”

“ஏழாவது கேள்விக்கு என்ன?”

“அதுல ஒரு சந்தேகமுங்க சார். கடைசி வரில…”  அவள் கண் அவர் முகத்தில் எதையோ தேடிக்கொண்டிருந்தது. “கடைசி வரிப்படி பாத்தா, விடையே வர்றதில்லீங்க சார்.”

யாரோ பின்னால் களுக்கென்று சிரித்தான். பரஞ்சோதி அவளைப் பார்த்தார். இது சரி, நூற்றுக்கு நூறு சரி, உலகத்தில் இதைச் சொல்லத் தெரிந்த இரண்டாவது ஆள் நீதான் என்று அவருக்குள் ஏதோ ஒன்று எழுந்து தொண்டை வரைக்கும் வந்தது. கையைப் பிடித்துக் குலுக்க வேண்டும்போல் இருந்தது. உட்கார வைத்து, இன்னொரு கேள்வி கேட்டு, அதற்கும் இவள் என்ன சொல்கிறாள் என்று கேட்க வேண்டும்போல் இருந்தது. ஆனால் வாய்க்கு வேறு பழக்கம். வாய் திறந்தபோது, வருஷக்கணக்காக வகுப்பைச் சிரிக்க வைத்த அதே குரல்தான் வந்தது.

“அப்போ கேள்வியில தப்புங்கற. அப்படித்தானே?”

வகுப்பு காத்திருந்தது. சொல்லு, ஆமாம் என்று சொல்லு, இன்னொரு தடவை சொல்லு, நான் இறங்கிவிடுகிறேன் என்று பரஞ்சோதி நினைத்தார். நிஜமாகவே நினைத்தார். ஒரே ஒரு தடவை அவள் வற்புறுத்தியிருந்தால் போதும்.

“இல்லீங்க சார்” என்று நித்திலா உட்கார்ந்தாள்.

அவ்வளவுதான். நாதஸ்வரம் மறுபடி தொடங்கியது, கெட்டிமேளம், தாலி ஏறியிருக்கும். பரஞ்சோதி ஜன்னலோரம் போய் நின்றார். கோழை, என்றார் மனதுக்குள், இவ்வளவு தெரிந்தும் கோழை. தெரிந்ததை ஒரு தடவைக்கு மேல் சொல்லத் தெரியாதவள் தெரிந்து என்ன பயன்? யாரைத் திட்டுகிறோம் என்று ஒரு கணம் குழம்பியது. சரி, அவள் எழுதியது எழுதியதுதான், தாளில் இருக்கிறது. மணி அடித்ததும் நேரே கீழே இறங்கி அலுவலகத்துக்குப் போவது. போய்ச் சொல்வது. குழந்தைவேலு சிரிக்கட்டும். தளை போனால் போகட்டும், அதை ஒருத்தி படித்துவிட்டாள், யாருக்காக என்று கேட்டவனுக்கு இதோ இவளுக்காக என்று பதில் எழுதலாம். இந்த எண்ணம் புதிதாக இருந்தது, கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது. போவது என்று முடிவே செய்துவிட்டார். படிக்கட்டுகளை இறங்குவதை, கதவைத் தட்டுவதை, முதல் வாக்கியத்தை யோசித்துக்கொண்டே திரும்பிப் பார்த்தார். நித்திலா ஸ்கேலை எடுத்து, பக்கத்தின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு வைத்து, நிதானமாகக் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். பிறகு இன்னொரு கோடு. பெரிய பெருக்கல் குறி. ஸ்கேலை ஓரமாக வைத்தாள், அடுத்த பக்கத்தைத் திருப்பினாள், எழுதத் தொடங்கினாள். அவள் பேனா இப்போது மற்றவர்களுடைய பேனாவைப் போலவே ஓடியது. அவருக்கு முதலில் வந்தது நிம்மதி. அதை மறைப்பதில் பிரயோஜனமில்லை, உள்ளங்கால் வரைக்கும் இறங்கிய நிம்மதி. இனி யாரும் கீழே போக வேண்டாம். யாரும் எதையும் சொல்ல வேண்டாம்.

மணி அடித்தது. தாள்களை வாங்கும்போது அவள் கடைசியாக வந்தாள். “எழுதிட்டேங்க சார்” என்று நீட்டினாள். கோபம் இல்லை, கேலியும் இல்லை. அவருக்குப் பிடித்த விடையை எழுதிவிட்டேன் என்கிற பணிவு மட்டும் இருந்தது. எல்லோரும் அவரிடம் காட்டுகிற பணிவு. போய்விட்டாள். தாளைத் திருப்பினார். மூன்று அட்டவணை, விடைக் குறிப்பில் உள்ளபடியே, முழு மதிப்பெண்ணுக்கு உரியவை. பெங்களூர் போய்விடுவாள், அடுத்த வாரம் தளையும் தப்பித்தாலும் தப்பிக்கும். “சார், அடுக்கி முடிச்சிட்டீங்கன்னா கட்டிரலாமுங்க” என்றாள் சௌடேஸ்வரி. அடித்துவிட்ட பக்கத்தைத் திருத்துகிறவர் படிக்கக் கூடாது என்று விதி. இனி அந்தப் பக்கத்தை யாரும் படிக்கப்போவதில்லை. பரஞ்சோதி நின்றபடியே, கோடுகளுக்கு அடியில் இருந்ததை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படித்தார். ஒரு பிழைகூட இல்லை. கட்டோடு சேர்த்து வைத்துவிட்டு, நூலை எடுத்துக் கொடுத்தார்.